பயிற்றை இலையின் பின்பக்கம்

மயிலிட்டித் துறையில் ஜெறோமின் வள்ளத்தை எவரும் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அது தானாக வந்து கண்ணில் அடிக்கும். மற்ற வள்ளங்கள் வெளியே நீலம், சிவப்பு, மஞ்சள் என்று என்னதான் பூசிக்கொண்டாலும் உள்ளே எல்லாம் ஒரே கதைதான். மீன் செதிலும் எஞ்சின் எண்ணெயும் ஊறி, பெயர் சொல்ல முடியாத ஒரு மங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். ஜெறோமின் வள்ளமோ உள்ளும் புறமும் பால் வெள்ளை. முன்பக்கத்து அணியத்திலிருந்து எஞ்சின் பூட்டும் பின்பக்கம் வரை, குறுக்கே இருக்கிற வாங்குப் பலகை உட்பட, வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. வெளி விளிம்பில் மட்டும் ஒரு நீலக் கோடு ஓடும். துறையில் அதற்குக் கலியாணப் பொம்பிளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பொம்பிளை வெளிக்கிட்டிட்டாவோ?" என்று விடியப்புறத்தில் எவனாவது கேட்காமல் ஜெறோம் ஒருநாளும் தொழிலுக்குப் போனதில்லை.

அந்தப் பொம்பிளையை அலங்கரித்தவள் அவன் மனைவி றொசாந்தி. அவளுக்கு அதற்கு நியாயம் இருந்தது, சின்ன நியாயமும் இல்லை. போன மார்கழியில் எஞ்சின் நின்று, காற்று இழுத்துக்கொண்டுபோய், ஜெறோம் இரண்டு நாள் கடலில் காணாமற்போயிருந்தான். போன் எடுக்கவில்லை. தேடிப்போன வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பின. இரண்டாம் நாள் பின்னேரம் அவள் துறைமுகத்து அணைக்கட்டில் நின்று, பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்க, சத்தமாக நேர்த்தி வைத்தாள்.

"மாதாவே, அந்த வள்ளத்தை எனக்குக் கரை சேர்த்துத் தாரும். உள்ளும் புறமும் உம்மடை நிறம் அடிச்சு விடுறன்."

அடுத்தநாள் காலை வல்வெட்டித்துறைக்காரரின் வள்ளமொன்று ஜெறோமைக் கண்டு கட்டியிழுத்து வந்தது. உதடு வெடித்து, குரல் போய், ஆனால் முழுசாக வந்து இறங்கினான். தை பிறந்ததும் றொசாந்தி பெயின்ற் பேணியோடு துறைக்கு வந்துவிட்டாள். வெளிப்பக்கம் அடித்தால் போதாதா, உள்பக்கம் எவர் பார்க்கப்போகிறார்கள் என்று ஜெறோமின் தங்கை லவீனா கேட்டதற்கு அவள் சொன்ன மறுமொழி துறை முழுக்கப் பரவியது.

"வெளிப்பக்கத்தைப் பாக்கிறது மீனெல்லோ! மாதா மேலை இருக்கிறா. மேலை இருந்து பாக்கிறவவுக்கு உள்பக்கந்தானே தெரியும்?"

இந்த நியாயத்தை வெல்ல ஒருவராலும் முடியவில்லை. றொசாந்தி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளும் இல்லை. கண்ணாடி மாதிரி மினுங்குகிற எனாமல் பெயின்ற்றாகப் பார்த்து வாங்கி, மூன்று பூச்சுப் பூசினாள். முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். அவன் உயிரோடு பக்கத்தில் நிற்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியபோதுதான் ஜெறோமின் கண்கள் சிவக்கத் தொடங்கின.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடலுக்குப் போகிறவனின் கண் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. துறையில் இறங்கும்போதே இரண்டு கண்ணிலும் நீர் வடிந்தது. வீட்டுக்கு வந்ததும் யன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தான். கேட்டால் முதல் கிழமை உப்புக்காற்று என்றான். அடுத்த கிழமை நித்திரை காணாது என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கேட்டதற்குச் சாம்பிராணிப் புகை என்றான், அன்றைக்குக் கோயிலில் சாம்பிராணியே போடவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லும்போது பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

இன்னொன்றும் அவளை அரித்தது. முந்தியெல்லாம் அவன் வலையிலிருந்து மீனைக் கடலில் வைத்தே கழற்றி, வகை பிரித்து, பெட்டியில் போட்டுக்கொண்டுதான் கரைக்கு வருவான். இப்போது எல்லோருக்கும் முதல் வந்துவிடுகிறான், வலையை மீனோடு அள்ளிப்போட்டபடி. பூவரசு மரத்துக்குக் கீழே குந்தி இருந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, ஒவ்வொரு மீனாகக் கழற்றுகிறான். அவன் விரல்கள் முன்னே தடவிப் பார்க்க, கண் பின்னால் வருவதை றொசாந்தி கண்டாள். கடல் விட்டுத் தந்த மனிதனைக் கண் கொண்டுபோய்விடுமோ என்று அவள் தேத்தண்ணி ஆற்றும்போதும் நினைத்தாள், உடுப்புத் தோய்க்கும்போதும் நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் லவீனா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"மச்சாள், சொல்லுறனெண்டு கோவிக்காதையுங்கோ. அண்ணை ஒவ்வொரு நாளும் மீன் குடுத்துப்போட்டு எங்கை போறார்?"

"துறையிலை வேலையிருக்கெண்டு சொல்லுறவர். ஏன்?"

"துறையிலை இல்லை. கட்டுவன் பக்கம் மோட்டச்சைக்கிள்ளை போறார். என்ரை மனிசன் ரண்டுதரம் கண்டவர். தோட்டக்காணிப் பக்கமாம்."

லவீனா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குமேல் சொல்லவும் தேவையில்லை. சிவந்த கண், பொய்க் காரணம், கள்ளு இறக்குகிற பனை மரம் நிற்கிற தோட்டப்பக்கம். இதைக் கூட்டிப் பார்க்க எந்தப் பெண்ணுக்கும் கணக்கு வாத்தியார் வேண்டாம். ஜெறோம் குடியை விட்டு இருபது வருசம். கலியாணம் பேச வந்தபோதே அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஆனாலும் றொசாந்திக்கு முழுசாக நம்ப மனம் வரவில்லை. வீட்டில் இருந்து யோசித்து மண்டையை உடைப்பதைவிட நேரில் பார்த்துவிடுவது நல்லது என்று அடுத்தநாளே ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவன் மோட்டச்சைக்கிள் கட்டுவனுக்குக் கிட்ட ஒரு செம்மண் ஒழுங்கைக்குள் இறங்கியது. கொஞ்சம் இடம் விட்டு அவளும் இறங்கினாள். இரண்டு பக்கமும் தோட்டங்கள். வெங்காயம் கிண்டிய தரை, மரவள்ளி, அதற்கப்பால் தடி நட்டுக் கயிறு கட்டி ஏற்றிய பயிற்றங்கொடி நிரை நிரையாக நின்றது. கிணற்றடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தாள். போத்தல் இல்லை. கூட்டாளி இல்லை. அவள் கூட்டிவைத்திருந்த கணக்கில் அடுத்தபடி வரக்கூடிய எந்தப் பெண்ணும் இல்லை. ஜெறோம் கவிழ்த்த வாளியொன்றின்மேல், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, படம் பார்க்க வந்தவன் மாதிரிப் பயிற்றங்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சு நிமிசம் போனது. பத்து நிமிசம் போனது. அவன் அசையவில்லை. றொசாந்திக்குக் குடிகாரன் என்ற பயம் போய், இவருக்கு மண்டையில் ஏதும் பிழைத்துவிட்டதோ என்ற பயம் வந்தது.

"பிள்ளை ஆரைத் தேடுறியள்?"

பின்னால் மண்வெட்டியோடு நின்றவர் தோட்டக்காரர் நடராசா. அறுபது தாண்டிய மனிதர், நெற்றியில் திருநீறு வியர்வையில் பாதி கரைந்திருந்தது.

"உங்கை வாளியிலை இருக்கிறவரை. நான் அவரின்ரை மனிசி."

"ஓ, ஜெறோம் தம்பியின்ரை வீட்டுக்காரியோ! நல்லதாப் போச்சு. அவர் இஞ்சை பச்சை பாக்க வாறவர்."

"என்ன பாக்க?"

"பச்சை. இந்தப் பச்சை." நடராசா கொடியைக் காட்டினார். "ரண்டு மூண்டு கிழமையா வாறார். அரை மணித்தியாலம் பாத்துப்போட்டுப் போவார். பிள்ளை, நீங்களாவது சொல்லுங்கோ, ஒவ்வொரு நாளும் ஒரு பொதி மீன் கொண்டந்து தாறார். செவ்வாய் வெள்ளி நாங்கள் மரக்கறி எண்டு எத்தினைதரம் சொல்லியாச்சு. எங்கடை பூனை கொழுத்து நடக்க ஏலாமல் கிடக்கு."

சத்தம் கேட்டு ஜெறோம் திரும்பினான். மனைவியைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனின் முழியோடு எழுந்து நின்றான். வாளி உருண்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள் றொசாந்தி, "உங்களுக்கு என்ன நடந்தது? உண்மையைச் சொல்லாமல் இந்த இடத்தைவிட்டு நான் அசையமாட்டன்."

அவன் நடராசாவைப் பார்த்தான். அவர் இரக்கமில்லாமல் மண்வெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டார், அவருக்கும் விசயம் தெரியவேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் ஜெறோம் சொல்லத் தொடங்கினான்.

"வள்ளத்துக்கை வெளிச்சம் கூடிப்போச்சு, றொசா. வெயில் ஏறினால் கடல் மினுங்கும், அது எப்பவும் உள்ளதுதானே. முந்திக் கடலைப் பாத்துக் கண் களைச்சால் வள்ளத்துக்கை குனிஞ்சு வலையைப் பாப்பன், ஆறிப்போகும். இப்ப குனிஞ்சாலும் வெளிச்சம், நிமிந்தாலும் வெளிச்சம். கண்ணை வைக்க இடமில்லை. ஏழு மணிக்குப் பிறகு கண் எரிஞ்சு தண்ணி ஓடும். வலைக் கண்ணும் தெரியாது, மீனும் தெரியாது."

"கறுப்புக் கண்ணாடி போடக்கூடாதே?"

"போட்டனான். ஒண்டு வலை இழுக்கக்கை கடலுக்கை போச்சு. மற்றது பத்து நிமிசத்திலை உப்புப் படிஞ்சு ஒண்டுந் தெரியாது. ஒருநாள் நடராசா அண்ணைக்கு மீன் கொண்டந்தனான். இந்தக் கொடியடியிலை நிண்டு கதைக்கக்கை பாத்தால் கண்ணெரிவு குறையுது. அதுதான் பேந்தும் பேந்தும் வாறன்."

பிறகு, கேட்காமலே, அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "எல்லா நிறமும் பாத்திட்டன். பூசணிப் பூ மஞ்சள் சரிவராது, குத்தும். செம்மண் காலமையிலை நல்லம், வெயில் ஏறினால் அதுவும் சூடு. வெங்காயத்தாள் பரவாயில்லை. எல்லாத்தையும்விட உந்தப் பயிற்றை இலைதான். அதுவும் மேல்பக்கம் இல்லை, மேல்பக்கம் கொஞ்சம் மினுங்கும். பின்பக்கம் பார்." ஒரு இலையைப் புரட்டிக் காட்டினான். மங்கலான, சாம்பல் கலந்த மாதிரி ஒரு பச்சை. "இதைப் பாத்துக்கொண்டிருந்தால் ஆரோ கண்ணுக்கை குளிர்ந்த துணி வைச்ச மாதிரி இருக்கும்."

"இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஜெறோம் இலையை விட்டான். "என்னெண்டு சொல்லுறது? நீ என்ரை உயிருக்கு நேர்ந்ததெல்லோ. உன்ரை நேர்த்தி எனக்குக் கண் கூசுதெண்டு என்ரை வாயாலை எப்பிடிச் சொல்லுறது?"

றொசாந்திக்கு அவனுக்கு ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. நடராசா பார்த்துக்கொண்டு நின்றதால் இரண்டையும் செய்யவில்லை. "ஏறுங்கோ மோட்டச்சைக்கிள்ளை," என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கிழமையே அவனைக் கண் டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்ரர் இளம் பெண். வெளிச்சத்தைப் பிடித்து இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து சதை வளரத் தொடங்கியிருக்கிறது என்றார். கடலில் போகிறவர்களுக்கும் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கும் வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு வருவதுதானாம், ஒரு நாளில் வந்ததில்லையாம். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கருமணியை நோக்கி வளர்ந்தால் வெட்டவேண்டி வரும், வெட்டினாலும் திரும்ப வளரலாம்.

"சொட்டு மருந்து தாறன். விளிம்பு அகலமான தொப்பி போடுங்கோ. கண்ணாடியைக் கயித்திலை கட்டிப் போடுங்கோ. எல்லாத்துக்கும் மேலை, அந்த வெள்ளையை மாத்துங்கோ. மேலையிருந்து வாற வெயிலைத் தொப்பி மறைக்கும், கீழையிருந்து தெறிக்கிற வெயிலை என்ன மறைக்கிறது?"

"பச்சையைப் பாத்தால் சுகமாகுமோ, டொக்ரர்?" என்று றொசாந்தி கேட்டாள்.

"சதை சுகமாகாது, அம்மா. ஆனால் களைச்ச கண் ஆறும். பாக்கட்டும், நல்லதுதானே."

ஆக, செய்யவேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது. செய்யத்தான் முடியவில்லை. ஜெறோம் ஒரே பிடியில் நின்றான். "அதிலை நான் கை வைக்கமாட்டன், றொசா. வள்ளத்தைக் கரை சேர்த்தது அந்த நேர்த்தி. அதை அழிச்சுப்போட்டுக் கடலுக்குப் போகச் சொல்லுறியோ?" அவனைப் பிடிவாதக்காரன் என்று ஏச அவளால் முடியவில்லை, ஏனென்றால் அவளுக்கும் அதே பயம்தான். இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இரண்டு நாள் கரையில் நின்று கடலைப் பார்த்திராதவர்கள். வெள்ளையை வைத்திருந்தால் அவன் கண் போகும். வெள்ளையை அழித்தால், கொடுத்த வாக்கை உடைத்தால், அவனே திரும்பி வராமல் போனால்?

பாதரிடம் கேட்கலாம் என்று கோயில் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பாதர் நல்ல மனிதர். மாதா கோவிக்கமாட்டா மகள், போய் அடி என்று உடனே சொல்லிவிடுவார். அவருக்கென்ன, அவரிடம் வள்ளமும் இல்லை, கடலுக்குப் போகிற புருசனும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துறையில் எவரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து ஜெறோம் வீட்டில் படுத்திருந்த நேரம், பதினொரு மணி வெயிலில், அவள் துறைக்குப் போனாள். வள்ளங்கள் எல்லாம் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. பூசைக்கு உடுத்த சீலையோடேயே முழங்கால் தண்ணீரில் இறங்கி, கலியாணப் பொம்பிளைக்குள் ஏறி வாங்குப் பலகையில் இருந்தாள். பெயின்ற் அடித்த காலத்தில் தை மாதத்து மப்பு வானம். வெயிலில் இதற்குள் இருப்பது இதுதான் முதல் தரம். கிடந்த வலைத்துண்டில் ஒரு சின்ன நண்டு சிக்கிக் காய்ந்துபோயிருந்தது. அதைக் கழற்றிப் பார்ப்போம் என்று குனிந்தாள்.

முடியவில்லை. கீழேயிருந்து வந்த வெள்ளை இமைக்கு அடியால் புகுந்து அடித்தது. நூல் எது, நண்டின் கால் எது என்று தெரியவில்லை. கண்ணை மூடினாள், மூடின இமைக்குள்ளும் வெளிச்சம் நின்றது. கடலைப் பார்த்தாள், கடல் துண்டு துண்டாக மினுங்கியது. திரும்ப வள்ளத்துக்குள் பார்த்தாள். கண்ணை வைக்க இடமில்லை என்று அவன் சொன்னது சரிதான். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. இதற்குள் அவன் தினமும் இருந்திருக்கிறான், கண்ணீர் வழிய வழிய வலை இழுத்திருக்கிறான், கரைக்கு வந்து சாம்பிராணிப் புகை என்று பொய் சொல்லியிருக்கிறான். அவள் மனம் நோகக்கூடாது என்று. இப்படி ஒரு மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்து அவள் உண்மையாகவே அழுதாள்.

பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, அண்ணாந்து, வழக்கு வைக்கிறவள் போல மாதாவோடு கதைத்தாள்.

"மாதாவே, உம்மடை நிறம் அடிக்கிறன் எண்டுதான் நான் நேர்ந்தனான். அது வெள்ளையெண்டு முடிவெடுத்தது நான். உம்மட்டைக் கேட்டனானோ? கேக்கேல்லை. மேலையிருந்து பாக்கிற உமக்கும் இவ்வளவு நாளும் இது கண் கூசியிருக்கும். நீரும் அவரை மாதிரி, நான் மனம் நோவன் எண்டு பேசாமல் இருந்திருக்கிறீர் போல. வெளிப்பக்கம் அப்பிடியே இருக்கட்டும், அது உமக்கு. உள்பக்கத்தை நான் எடுக்கிறன். கோவமெண்டால் என்னோடை கோவியும். அவரோடை வேண்டாம்."

அடுத்தநாள் காலை நடராசாவிடம் பயிற்றை இலை வாங்கப் போனாள். அவர் ஒரு கட்டாகவே பிடுங்கி, ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பெயின்ற் கடைக்காரர் ஒரு இலையை மேசையில் வைத்து, நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தாங்கோ, அச்சொட்டா இதே பச்சை."

"மேல்பக்கத்தை ஏன் பாக்கிறியள், அண்ணை? பின்பக்கம், பின்பக்கம்."

"பின்பக்கமோ?"

"ஓம். மினுங்கவும் கூடாது."

கடைக்காரர் இலையைப் புரட்டினார். அட்டையில் அப்படி ஒரு நிறம் இல்லை. பச்சையில் வெள்ளை விட்டு, கொஞ்சம் கறுப்பு விட்டு, ஒரு துளி மஞ்சள் விட்டுக் கலக்கினார். இல்லை என்றாள். திரும்பக் கலக்கினார். அதுவும் இல்லை என்றாள். நாலாம் தரம் கலக்கும்போது முதல் இலை வாடிவிட்டது, அவள் பேப்பரிலிருந்து அடுத்ததை எடுத்து வைத்தாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் ஆறாம் தரம் சரியாக வந்தபோது அவருக்கே சந்தோசமாகப் போய்விட்டது.

வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்து, அரத்தாளால் மினுக்கத்தைத் தேய்த்து எடுத்து, இரண்டு நாள் அடித்தாள். ஜெறோம் முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான். அவள் கேட்கவில்லை.

"நேர்ந்தது ஆர்? நானெல்லோ. நேர்ந்தவள் மாத்திறாள். உங்கடை கை இதிலை படவே கூடாது."

"ஏன் படக்கூடாது?"

"ஏதும் குற்றமெண்டால் அது என்ரை கையோடை நிக்கட்டும்."

அவன் மணலைக் காலால் கிண்டிக்கொண்டு நின்றான். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெரிய கறுப்புக் குடையை எடுத்து வந்தான். "குடை பிடிக்கலாமோ?" என்று கேட்டான்.

"அது பிடிக்கலாம்."

துறை முழுவதும் பார்த்துச் சிரிக்க, பெண் பெயின்ற் அடிக்க, ஆண் குடை பிடித்தபடி வள்ளத்தைச் சுற்றி நகர்ந்தான்.

வியாழக்கிழமை விடியமுன் அவன் தொழிலுக்கு வெளிக்கிட்டான். அவள் எட்டு மணிக்கே துறைக்கு வந்துவிட்டாள். ஒன்பதுக்கு முதல் வள்ளம் வந்தது, அவனுடையதில்லை. இத்தனை நாளும் எல்லோருக்கும் முன்னால் வந்தவன். ஒன்பதரைக்கு நாலைந்து வள்ளங்கள் ஒன்றாக வந்தன. அவற்றிலும் இல்லை. கேட்டால், விடியக் கண்டது, பிறகு காணவில்லை என்றார்கள். பத்து மணி. பத்தரை. லவீனா வந்து அவள் தோளில் கை வைத்தாள். அந்தக் கைதான் றொசாந்தியை இன்னும் பயப்படுத்தியது. அணைக்கட்டில் நேர்த்தி வைத்த அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று தெரிந்ததும் இறங்கி மணலில் வந்து நின்றாள். தன் கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. நான்தானே செய்தேன், என் கையால்தானே செய்தேன் என்று அதை மற்றக் கை நகத்தால் சுரண்டினாள்.

இன்னொரு நேர்த்தி வாய்வரை வந்துவிட்டது. அவரைக் கொண்டுவந்து தாரும், நான் இன்னது செய்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். "மாதாவே, அவர் வரட்டும்," என்று மட்டும் சொன்னாள். அதற்குக் கைமாறாக ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. வெளியே வெள்ளையும் நீலக் கோடுமாக வள்ளம் அவசரமே இல்லாமல் வந்தது. ஜெறோம் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, பாட்டொன்றை முணுமுணுத்தபடி இறங்கினான். வலை சுத்தமாக மடித்து ஒரு பக்கம் கிடந்தது. மீன் முழுவதும் கழற்றி, விளை ஒரு பெட்டி, ஒட்டி ஒரு பெட்டி, சூடை ஒரு பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தான்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் அவள்.

"எல்லாம் கழட்டி முடிச்சுப்போட்டு வாறன். முந்தி மாதிரி. ஒரு மீன் பிய்யேல்லை, பார்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டான். "முடிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தனான்."

"சும்மாவோ? கடலுக்கை சும்மா என்ன செய்தனீங்கள்?"

"வள்ளத்துக்கை பாத்துக்கொண்டு இருந்தனான். நல்லா இருந்துது, றொசா. எழும்ப மனம் வரேல்லை."

அவள் மீன் பெட்டி மூடியைத் தூக்கி அவன் தோளில் ஒன்று போட்டாள். இரண்டாவது போட ஓங்கியவள் மூடியை நழுவவிட்டு, துறை முழுக்கப் பார்க்க, அவன் நனைந்த சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். மீன் வாங்க வந்த வியாபாரிகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டிகளைப் பார்த்தார்கள்.

"இப்ப உன்ரை கண்ணெல்லோ சிவந்து கிடக்கு," என்றான் ஜெறோம்.

"பயத்திலை அழுதனான். நீங்கள் இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கினம்?"

அவன் அவள் கண்ணைத் துடைத்தான். உப்புத் தண்ணீர்க் கை. எரிவு இன்னும் கூடிவிட்டது. அவள் "ஐயோ, விடுங்கோ!" என்று கத்தினாள். அவன் பதறிப்போய், அவள் தோளைப் பிடித்து வள்ளத்துப் பக்கம் திருப்பி, விளிம்பில் கையை ஊன்ற வைத்தான்.

"இதுக்கை குனிஞ்சு பார். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நில், ஆறும்."

அவள் குனிந்து பார்த்தாள். பதினொரு மணி வெயில் அந்த மங்கல் பச்சைக்குள் வந்து விழுந்து பேசாமல் கிடந்தது. அவனும் பக்கத்தில் குனிந்தான். பின்னால் வியாபாரி ஒருவன் விளைமீன் யாருக்கு என்று இரண்டுதரம் கேட்டான். இருவரும் திரும்பவில்லை.